பித்தின் குரலும் பாட்டின் செவியும்

பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை, ஈப்போவை அடையுமுன் தஞ்சோங் ரம்புத்தான் என்னும் சிற்றூரைக் கடந்து செல்கிறது. 1911ஆம் ஆண்டில் அவ்வூரில் மனநோயாளர்க்கென ஒரு பெரிய மருத்துவமனை நிறுவப்பெற்றது. பழத்தின் பெயரைத் தாங்கிய அவ்வூர், நாளடைவில் வேறொரு பொருளையும் தாங்கலாயிற்று. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவேண்டியதுதான்" என்னும் ஏளனம் இந்நாட்டில் பல மொழியினரிடத்தும் வழங்குவதாயிற்று. பள்ளிப் பிள்ளைகளும் பொருளறியாமலே அதனைச் சொல்லிச் சிரிப்பர்.

அம்மருத்துவமனைக்கு இன்று வழங்கும் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்பது. 'பஹாகியா' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். நம் வழக்கிலுள்ள 'பாக்கியம்' என்னும் சொல்லோடு உறவுடையது அது. நிறுவனத்தின் பெயர் மாறியது. ஊரார் வாயிலுள்ள ஏளனம் அத்துணை எளிதில் மாறவில்லை. நோயைக் குறிக்கும் சொல்லே நோயாளியை அடிக்கும் கோலாக அமைந்துவிடுகின்றது. இந்நிலையில், சொல்லையே கருவியாகக் கொண்ட பாட்டு அந்நோயை எவ்வாறு கண்டது, எவ்வாறு பேசச் செய்தது என்பது தமிழாசிரியர் ஆராயத்தக்க பொருளாகும்.

நோயின் இயல்பு

மனநோய்கள் பலவகை. அவற்றுள் ஈண்டுக் கருதப்படுவது மனப்பிறழ்வு. உள்ளதற்கும் உள்ளத்தில் தோன்றுவதற்கும் இடையேயுள்ள வரம்பு அழிந்துபோகும் நிலை அது. பேசுவார் இல்லாதபோது பேச்சுக் கேட்கும். தெருவிற் செல்வோர் இருமினால், அது தனக்கென இட்ட குறிப்பாகத் தோன்றும். பிறர் எத்துணைச் சான்று காட்டினும் அசையாத நம்பிக்கை ஒன்று நெஞ்சில் ஊன்றிவிடும். எண்ணங்கள் கோவையறுந்து சிதறும். இந்நிலை சிலர்க்குச் சின்னாளிருந்து நீங்கும்; சிலர்க்கு நெடுங்காலம் நிற்கும். நெடிது நிற்கும் வகைகளுள் ஒன்றான மனச்சிதைவு, உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரைப் பற்றியுள்ளதென உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

'பித்து' என்னும் தமிழ்ச்சொல், வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றனுள் பித்தம் மிகுந்தமையால் வந்தது என்னும் பழைய மருத்துவக் கொள்கையை அடியாகக் கொண்டது. அக்கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும் அச்சொல்லில் ஒரு நன்மை உண்டு. பேய் என்னாது, பாவம் என்னாது, உடலில் நேர்ந்த ஒரு மாறுபாடு என்றே அது நோயைக் கருதிற்று. நோய் இன்னதென நாடி, அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் நாடுக என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியும் அத்தகையதே.

செர்மன் நாட்டு மருத்துவரும் மெய்ப்பொருள் அறிஞருமாகிய கார்ல் யாஸ்பர்ஸ், 1913இல் வெளியிட்ட உளநோயியல் நூலில், 'விளக்குதல்' வேறு, 'உணர்ந்துகொள்ளுதல்' வேறு என்று பிரித்தார். மூளையில் நேர்ந்த மாற்றத்தைக் காரணங்காட்டிக் கூறுவது விளக்குதல். நோயாளியின் உள்ளத்தினுள் புகுந்து அவர் பட்டதை நாமும் ஒருவாறு பட்டறிதல் உணர்தல். மனப்பிறழ்வில் முதற்கண் தோன்றும் சில நம்பிக்கைகளை விளக்கலாமேயன்றி உணர்ந்துகொள்ள இயலாது என்பது அவர் துணிபு. பாட்டின் வேலை தொடங்குவது இவ்விடத்திலேதான். அறிவு கதவடைத்துத் திரும்பிய வீட்டின் சாளரத்தருகே பாட்டு நின்று செவி கொடுக்கின்றது.

கலித்தொகை காட்டும் பெண்

தமிழில் இதற்குரிய தலையாய சான்று கலித்தொகையில் உள்ளது. 150 பாடல் கொண்ட அந்நூலை 1887இல் சி. வை. தாமோதரம் பிள்ளை அச்சேற்றினார். அதன் இறுதிப் பகுதியாகிய நெய்தற்கலி நல்லந்துவனார் பாடியது. அப்பகுதியின் பிற்பாதியில், காதலனைப் பிரிந்து அறிவு கலங்கிய பெண்கள் சிலர் வருகின்றனர்.

அப்பாடல்களின் அமைப்பு நோக்கத்தக்கது. முதலிற் பேசுவோர் கண்டோர். ஒரு பெண் தனக்குத்தானே சிரிக்கிறாள், உடனே அழுகிறாள், நெடுமூச்செறிகிறாள். இவளுக்கு என்ன நேர்ந்தது என்று அவர்கள் வியக்கின்றனர். அடுத்து, சூழ்ந்து நிற்கும் அவர்களை நோக்கி அவளே பேசத் தொடங்குகிறாள். அவள் பேச்சு மனிதரோடு நில்லாது ஞாயிற்றிடமும் திங்களிடமும் கடலிடமும் செல்கிறது. அவை விடை தரும் என்றே அவள் நம்புகிறாள். ஈற்றில் காதலன் வந்து சேர, அவள் தெளிவடைகிறாள்.

இவ்வமைப்பில் இரு குரல்கள் உள்ளன. ஒன்று புறத்தே நின்று நோக்குவோர் குரல். மற்றொன்று அகத்தே கலங்கியவளின் குரல். மருத்துவர் எழுதும் குறிப்பில் பெரும்பாலும் முதற்குரலே காணப்படும். ஊரார் வம்பில் முதற்குரல் ஏளனமாக மாறிவிடும். நல்லந்துவனாரோ இரண்டனையும் ஒரே பாட்டில் அருகருகே வைத்தார். சிரிப்பும் அழுகையும் காரணமற்றவை என்று கண்டோர் கூற, அவற்றின் காரணத்தை அவள் கூறுகிறாள். கேட்போர்க்கு அவள் பேச்சு முழுதும் பொருந்தாவிடினும், அதன் அடியில் ஓடும் துன்பம் விளங்கிவிடுகின்றது.

அவள் தெளிந்தமைக்குப் புலவர் தரும் உவமை ஒன்று உண்டு. தேற்றாங்கொட்டையை உரைத்திட்ட கலங்கல் நீர் தெளிவதுபோல அவள் தெளிந்தாள் என்பது அதன் கருத்து. தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் கிணற்றுநீரைத் தெளியவைத்துப் பருகிய முதியோர்க்கு இவ்வுவமையின் அருமை புலப்படும். சேறு நீரில் கலந்திருக்கிறது. ஆயினும் நீரே சேறன்று. நோய் ஒருவரிடம் இருக்கிறது. ஆயினும் அவரே நோயல்லர். மனநல மருத்துவர் இன்று வலியுறுத்தும் இவ்வுண்மையை அவ்வுவமை சில சொற்களில் அடக்கிவிட்டது.

படிப்படியாக ஏறும் கலக்கம்

இலக்கணமும் இதற்கு இடந்தந்தது. தொல்காப்பியக் களவியல், காதல் உள்ளம் செல்லும் நிலைகளை வரிசைப்படுத்துகின்றது. வேட்கை, இடைவிடாது நினைத்தல், மெலிதல் என்று தொடங்கி, நாணத்தின் எல்லை கடந்து, காண்பனவெல்லாம் நினைத்த பொருளாகவே தோன்றும் நிலைக்கு வந்து, மறதி, மயக்கம் என வளர்ந்து, சாக்காட்டில் அவ்வரிசை முடிகின்றது. காண்பனவெல்லாம் ஒரே பொருளாய்த் தோன்றிய பின்னரே மயக்கம் வருகின்றது என்னும் இவ்வரிசை எண்ணத்தக்கது. மனப்பிறழ்வு முதிருமுன், உலகம் முழுதும் தன்னைச் சுட்டும் குறிகளால் நிறைந்திருப்பதாகத் தோன்றும் ஒரு காலம் உண்டு என்று மருத்துவரும் கூறுவர். காதலும் நோயும் ஒன்றென்பது இதன் கருத்தன்று. உள்ளம் தன் நிலை பெயர்வதைப் படிப்படியாக நோக்கும் கூர்மை தமிழ் மரபில் இருந்தது என்பதே கருத்து.

தவறான பெயரும் அதன் விளைவும்

சங்கப் பாடல்களில் வரும் வெறியாட்டு, நோய்க்குத் தவறான பெயர் சூட்டுவதால் விளைவதை எடுத்துக்காட்டுவது. மகள் மெலிகிறாள், தாய் அஞ்சுகிறாள், கட்டுவிச்சி குறிபார்த்து முருகன் அணங்கினான் என்கிறாள், வேலன் வந்து வெறியாடுகிறான், மறி அறுக்கப்படுகிறது. நோயோ வேறு. நற்றிணையில் ஒரு தோழி, இந்நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்தாயே, நீ தெய்வமேயாயினும் அறியாமை உடையாய் என்று முருகனையே இடித்துரைக்கிறாள். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும், தீராத நோய் என்று தாய் வருந்தி அறிவோரை வினவித் தெய்வங்களைப் பரவும் வேளையில், உண்மைக் காரணத்தைத் தோழி எடுத்துரைக்கும் கூற்றாகவே அமைந்துள்ளன.

இவற்றில் தோழி செய்வது யாது? நோயுற்றவளின் அருகிருந்து அறிந்ததை, அவள் சொல்ல இயலாதபோது, அவள் சார்பில் சொல்கிறாள். வேலன் நோயாளியைக் கேளாமலே நோயை முடிவுசெய்கிறான். தோழி கேட்டபின் பேசுகிறாள்.

வேலன் வழி சங்ககாலத்தோடு ஒழியவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியது. நோயாளர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். தெய்வ அருளால் நலம் பெறுவர் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். உறவினரின் அன்பிலோ நம்பிக்கையிலோ குறைகூறுதற்கில்லை. வழிபாடு மனத்திற்கு ஆறுதல் தரும். ஆனால் மருந்துக்குரிய இடத்தில் சங்கிலி வந்து அமர்ந்ததே கொடுமை.

தாய் கண்ட மகள்

பத்திப் பாடல்களில் பித்து வேறொரு மதிப்பைப் பெற்றது. திருவெண்ணெய்நல்லூரில் தம்மைப் பித்தன் என்று வைத சுந்தரரிடம், அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்று இறைவன் பணித்ததாகப் பெரியபுராணம் கூறும். காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே குறித்துக்கொண்டார். குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில், உலகத்தார்க்குத் தாம் பேயராகத் தோன்றுவதையும் தமக்கு உலகத்தார் அவ்வாறே தோன்றுவதையும் பாடினார்.

இவற்றினும் நுட்பமானவை நம்மாழ்வார் திருவாய்மொழியில் தாய்ப் பாசுரங்களாக வருவன. நான்காம் பத்தின் நான்காம் திருவாய்மொழியில் ஒரு தாய், தன் மகளின் செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். மகள் மண்ணைத் துழாவி இது வாமனன் மண் என்கிறாள், வானைத் தொழுகிறாள், கைகூப்பிப் பிரான் கிடக்கும் கடல் என்கிறாள், வீசும் காற்றைத் தழுவுகிறாள், ஓடும் பாம்பின் பின் செல்கிறாள், குழலோசை கேட்டால் மாயவன் என்று மயங்குகிறாள். ஐந்தாம் பத்தில் மற்றொரு தாய், உலகைப் படைத்தது நானே என்பதுபோல் பேசும் மகளைக் கண்டு, இறைவன் இவள்மேல் ஏறினானோ என்று வினவுகிறாள். ஆழ்வாரது அனுபவத்தை நோயென்று கருதுவது பிழை. அது வைணவ மரபில் மிகவுயர்ந்த நிலை. ஈண்டுக் கொள்ளவேண்டியது அத்தாயின் முறையே. அவள் மகளை வையவில்லை, பேச்சைத் திருத்தவில்லை, மறைக்கவுமில்லை. கண்டதைக் கண்டவாறும் கேட்டதைக் கேட்டவாறும் கூறி, இதன் பொருள் யாது என்று வினவுகிறாள். நோயாளியின் குடும்பத்தார்க்கு இன்று மருத்துவர் சொல்லும் அறிவுரையும் ஏறத்தாழ இதுவேயாம்.

'போல' என்னும் உருபு

உவமைக்கும் உருவகத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழாசிரியர் நாள்தோறும் கற்பிப்பர். 'தீப்போலச் சுடும் சொல்' என்பது உவமை; 'சொல்லாகிய தீ' என்பது உருவகம். உவமையில் 'போல' என்னும் உருபு இரு பொருளையும் இணைத்தும் பிரித்தும் நிற்கும். உருவகத்தில் அவ்வுருபு மறைகின்றது. ஆயினும் அது உண்மையில் தீயன்று என்பதைக் கூறுவோனும் கேட்போனும் அறிவர்.

மனப்பிறழ்வில் அவ்வறிவு நழுவிவிடுகின்றது. 'ஊரார் பார்வை முதுகைச் சுடுவதுபோல் இருக்கிறது' என்பார் நாணமுடையோர். நோயுற்றவரோ முதுகு சுடப்படுவதையே உணர்கிறார். சுடுகின்ற கருவி எவ்வீட்டில் உள்ளதென்றும் தேடுகிறார். 'போல' அவரிடத்து இல்லை. நோயின் காரணத்தை இவ்வொப்புமை கூறிவிடாது. அக்காரணம் மூளையிலும் பரம்பரையிலும் வாழ்க்கை நெருக்கடிகளிலும் தேடப்படுவது. நோயாளர் பேச்சைக் கேட்கும் முறையை மட்டுமே இது கற்பிக்கும். அவர் சொல்வதைப் பொய்யென மறுத்தலும் மெய்யென ஏற்றலும் இரண்டும் வேண்டா. 'உங்களுக்கு மிகவும் அச்சமாக இருக்கிறது போலும்' என்று, அவர் இழந்த உருபைக் கேட்பவர் மெல்ல எடுத்துக் கொடுக்கலாம்.

பாட்டெழுதுதல் சிலர்க்குப் பயன்படுவதும் இதனாலாகலாம். அகத்தே ஆணையிடும் குரலைத் தாளில் எழுதியவுடன், அதற்கு அடியும் சீரும் எல்லையும் வந்துவிடுகின்றன. எழுதியவர் அதற்கு வெளியே ஒரு கணமேனும் நிற்கிறார்.

மேனாட்டுப் புலவர் இருவர்

செர்மானியப் புலவர் ஹோல்டர்லின் 1770இல் பிறந்தவர். 1806இல் அறிவு கலங்கித் தூபிங்கன் நகர மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். 1807இல், அவர் எழுதிய புதினத்தைப் படித்து மதித்த சிம்மர் என்னும் தச்சர் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். ஆற்றங்கரையிலுள்ள அவ்வீட்டுக் கோபுர அறையில், 1843இல் இறக்கும்வரை 36 ஆண்டுகள் புலவர் வாழ்ந்தார். அங்குப் பருவங்களைப் பற்றிச் சிறு பாடல்கள் எழுதி, வேறொரு பெயரால் ஒப்பமிட்டு, வேறொரு நூற்றாண்டின் நாளையும் இடுவார். தன் பெயரும் காலமும் கைவிட்டுப்போன ஒருவர்க்கு யாப்பு மட்டும் கைவிடாது நின்றது.

ஆங்கிலப் புலவர் ஜான் கிளேர் ஏழை உழவுத் தொழிலாளி. 1837 முதல் ஒரு மனநோய் விடுதியில் இருந்த அவர், 1841இல் வெளியேறி, ஏறத்தாழ 80 மைல் நடந்தே ஊர் திரும்பினார்; பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றார். அவ்வாண்டின் இறுதியில் நார்தாம்ப்டன் விடுதியிற் சேர்க்கப்பட்டு, 1864இல் அங்கேயே இறந்தார். தாமே பைரன் என்னும் புகழ்பெற்ற புலவர் என்றும் சிலபோது நம்பினார். ஆனால் உறவும் நட்பும் தம்மை மறந்துவிட்டபோதும் தாம் இருப்பதை எடுத்துரைத்து அவர் பாடிய பாட்டு, எத்தகைய மயக்கமும் இல்லாத தெளிவுடையது. அவ்விடுதியின் மேலாளர் வில்லியம் நைட் பாடல்களைப் படியெடுத்து வைத்தமையாலேயே அவற்றுட் பல இன்று கிடைக்கின்றன. தச்சர் ஒருவரும் மேலாளர் ஒருவரும் செவிகொடுத்திராவிடின் இரு புலவரின் பிற்காலமும் இருளில் மறைந்திருக்கும்.

இக்காலத் தமிழில்

இக்காலத் தமிழ்ப் புதுக்கவிதையில் ஆத்மாநாம் பெயர் நினைக்கத்தக்கது. 1951இல் பிறந்தவர், 'ழ' என்னும் சிற்றிதழை நடத்தியவர், 1981இல் 'காகிதத்தில் ஒரு கோடு' என்னும் தொகுதியை வெளியிட்டவர். மனநோயால் துன்புற்று, 1984இல் தம் 33ஆம் வயதில் உயிர்நீத்தார். 'நிஜம்' என்னும் சொல்லையே மீண்டும் மீண்டும் அடுக்கி அவர் அமைத்த கவிதையில், அச்சொல் அடிதோறும் நழுவிக்கொண்டே செல்கின்றது. உண்மை எது என்னும் வினா பிறர்க்கு மெய்ப்பொருள் ஆராய்ச்சி. சிலர்க்கு அது அன்றாடப் போராட்டம். ஆயினும் அவர் கவிதையெல்லாம் நோயின் வெளிப்பாடென்று கூறுவது அவருக்குச் செய்யும் அநீதி. சமூகத்தைப் பற்றிய அங்கதமும், செடிகொடிகளிடத்தும் எளிய உயிர்களிடத்தும் கொண்ட பரிவும் அவர் கவிதையில் நிறைந்துள்ளன. நோய் கவிதையைத் தந்தது என்பது பழைய மயக்கம். நோய் அவரைத் தமிழினின்று பறித்தது என்பதே உண்மை.

உரைநடையில் எம். வி. வெங்கட்ராம் எழுதிய 'காதுகள்' 1992இல் வெளிவந்து, 1993ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. அதன் தலைவன் மகாலிங்கத்தின் செவிகளில் ஓயாது குரல்கள் ஒலிக்கின்றன; அவை வைகின்றன, எள்ளுகின்றன, அச்சுறுத்துகின்றன. ஆசிரியர் தாமே பட்ட துன்பத்தினின்று எழுந்த நூல் அது. பசியும் கடனும் குடும்பப் பொறுப்பும் ஒருபுறமிருக்க, குரல்களின் நடுவே மனிதன் ஒருவன் தன் அறிவைப் பற்றிக்கொண்டு நிற்பதை அதிற் காணலாம்.

சட்டமும் இப்போது சிறிது செவிகொடுக்கத் தொடங்கியுள்ளது. உயிர்துறக்க முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவை மலேசியா 2023இல் நீக்கியது. தண்டனைக்குரியவர் என்று கருதப்பட்டவர் இன்று உதவிக்குரியவர்.

வகுப்பறையில்

பாட்டு மருந்தாகாது. 1950களில் தொடங்கிய மருந்து முறை இன்று பலர்க்கு நல்வாழ்வைத் தந்துள்ளது. தொடக்கத்திலேயே மருத்துவரை நாடுவோர் பெரிதும் பயனடைகின்றனர். பாட்டு செய்யக்கூடியது, நாடுதற்குத் தடையாய் நிற்கும் நாணத்தைக் குறைப்பது.

மாக் மண்டினிலோ பிறையிலோ ஒரு தமிழ் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பின், அவர்களுள் ஒருவன் வீட்டில் தனக்குத்தானே பேசும் அக்காளோ மாமனோ இருக்கலாம். தஞ்சோங் ரம்புத்தான் என்று தோழர் சொல்லிச் சிரிக்கும்போது அவனும் உடன் சிரிப்பான். சிரித்துவிட்டு அன்று மாலை வீட்டிற்குத் தோழர் யாரையும் அழைக்கமாட்டான். நெய்தற்கலிப் பெண்ணை நடத்தும் நாளில், கண்டோர் கூற்றோடு ஆசிரியர் நிறுத்திவிட்டால் அவனுக்குக் கிடைப்பது மற்றுமொரு வேடிக்கை. அவள் கூற்றையும் முழுதும் படித்து, ஈற்றில் வரும் தேற்றாங்கொட்டையைச் சற்று நின்று விளக்கினால், கலங்கிய நீரும் நீரே என்பதை அவன் வீட்டிற்கு எடுத்துச் செல்வான். அடுத்த நாள் அவன் ஆசிரியரிடம் வந்து ஏதேனும் கேட்கவும் கூடும். அப்போது கேட்பதற்கு ஒரு செவி அங்கு இருத்தல் வேண்டும்.